இரண்டாவது படகு

கடலைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். நான் குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பன்னிரண்டு வயது வரை கடலைக் கண்ணால் கண்டதில்லை. ஒரு விடுமுறையின்போது தோட்டத்து லாரியில் மெர்சிங் கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். அலையைக் கண்டதும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் அழுத கதையை என் அக்காள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள். நீச்சல் இன்றுவரை தெரியாது. அப்படிப்பட்டவன் சிங்கப்பூர்த் தேசியக் குழுவின் பாய்மரப் படகுகளோடு இரண்டு வருடம் காலம் கழித்தேன் என்றால் நம்புவது கொஞ்சம் சிரமந்தான். ஆனாலும் நடந்தது.

சிங்கப்பூருக்கு நான் வந்தது 1972இல். ஒரு படகுப் பட்டறையில் கண்ணாடி இழை வேலை. பிசினைக் கலப்பது, இழைத் துணியை அடுக்குவது, காய்ந்த பிறகு தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்ப்பது என்று முப்பது வருடத்துக்கு மேல் அதே தொழில். 2013இல் ஓய்வு பெற்றேன். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். நான்காவது மாதம் பழைய வேலைக்கூட்டாளி ஒருவர், கிழக்குக் கடற்கரைப் படகு நிலையத்தில் ஓட்டை ஒட்ட ஆள் தேடுகிறார்கள், கிட்டத்தட்ட தொண்டூழியம்தான், போகிறாயா என்று கேட்டார்.

"ஏங்க, இந்த வயசுல கடல்ல விழுந்து வைக்காதீங்க" என்றாள் என் மனைவி.

"கரையிலதான் வேலை" என்றேன். அது உண்மைதான். அந்த இரண்டு வருடமும் முழங்காலுக்கு மேல் நான் நனைந்ததில்லை.

நான் சொல்லப்போவது 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்கு முந்திய சில மாதங்களைப் பற்றி. அந்த ஜூனில்தான் 28வது தென்கிழக்காசிய விளையாட்டுகள் சிங்கப்பூரில் நடந்தன. 1993க்குப் பிறகு, இருபத்திரண்டு வருடம் கழித்து நம் ஊருக்கு வந்த போட்டி. பாய்மரப் பந்தயங்கள் நாங்கள் தினமும் புழங்கிய அதே கிழக்குக் கடற்கரையில்தான். சொந்த வாசலில் நடக்கும் திருமணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்த் திருமணத்தில் பந்தி சரியில்லை என்றால் நாம் குறை சொல்லிவிட்டு வந்துவிடலாம். சொந்த வாசலில் அது நடக்குமா?

அந்தக் கரையைப் பார்த்தவர்கள் அது காலங்காலமாக அங்கே இருப்பதாகத்தான் நினைப்பார்கள். 1966இல் தொடங்கிய நில மீட்பில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய மண் அது. எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் நங்கூரமிட்ட கப்பல்கள். தலைக்கு மேலே சாங்கிக்கு இறங்கும் விமானங்கள். நடுவில் இந்தச் சிறு படகுகள், தண்ணீரில் உதிர்ந்த மல்லிகைப் பூப்போல. பெரிய கப்பல்கள் காற்றை மறைக்கும். அந்த நிழலுக்குள் போன படகு அப்படியே நின்றுவிடும். நீரோட்டமும் லேசானதல்ல. நேரத்துக்கு நேரம் திசை மாறி இழுக்கும். அங்கே பழகியவர்களுக்கு உலகின் எந்தக் கடலும் கொஞ்சம் அடங்கியதாகத்தான் தெரியும் என்று எங்கள் மலாய்க்காரப் படகோட்டி சொல்வார். அவரைப் பாக் சிக் என்றே எல்லோரும் அழைப்போம். பயிற்சியாளரின் ரப்பர்ப் படகை ஓட்டுபவர் அவர்.

தேசியக் குழு என்றதும் பளபளக்கும் சீருடையும் பெரிய கட்டடமும் உங்கள் மனத்தில் வரலாம். எனக்கும் அப்படித்தான் வந்தது. போய்ப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைகள்! கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்து கணக்குப் புத்தகம் படிக்கிறார்கள். உள்ளங்கையெல்லாம் கயிறு அறுத்த காயம், அதன் மேல் பிளாஸ்திரி. கார் நிறுத்துமிடத்தில் அம்மாமார் அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு காத்திருக்கிறார்கள். 'பிள்ளை கடலில் இருக்கிறான், பரீட்சை பக்கத்தில் இருக்கிறது' என்று ஒரு தாயார் என்னிடம் புலம்பினார். எந்த இனமானாலும் தாய்மார் புலம்பல் ஒன்றுதான் போலும்.

காலையில் முதல் வேலை எடை பார்ப்பது. இதைக் கண்டதும் எனக்குத் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது. வாளியைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டுக் கிராணியின் முகத்தையே பார்த்து நிற்பார் என் அப்பா. இந்தப் பிள்ளைகளும் தராசு முள்ளைப் பார்த்து அப்படியேதான் நின்றார்கள். காரணம் இருக்கிறது. காற்று பலமாக அடித்தால் படகு சாயும். படகின் ஓரத்தில் காலை மாட்டிக்கொண்டு உடம்பை வெளியே சாய்த்து அதை நிமிர்த்த வேண்டும். அதற்குக் கனம் வேண்டும். காற்று மெல்லியதானால் அதே கனம் காலில் கட்டிய கல். ஒருவன் வயிற்றைக் கட்டிக்கொண்டு பாதிச் சோறு தின்பான். பக்கத்தில் ஒல்லியான இன்னொருவன் இரண்டாவது தட்டு நாசி லெமாக்கை மருந்துபோல விழுங்குவான். இதில் கொடுமை என்னவென்றால், இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த வேலை வானத்தைப் பார்ப்பது. அதிகாலையில் சுமத்ராப் பக்கமிருந்து கருத்து வரும் புயல்மழையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு மணி நேரம் ஆடித் தீர்த்துவிட்டுப் போய்விடும். போன பிறகு பல நாள் காற்றே இராது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். காற்று இல்லாவிட்டால் கம்பத்தில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கொடி ஏறும். பந்தயம் தள்ளிவைக்கப்பட்டது என்று அர்த்தம். மழை பிடித்தால் தோட்டத்தில் வெட்டு இல்லை. மரத்தடியில் உளியும் கையுமாக உட்கார்ந்திருப்போம். இங்கே வெயிலடித்தாலும் காற்றுக்காக உட்கார்ந்திருந்தோம். பாக் சிக் மட்டும் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். தூரத்துத் தண்ணீரில் ஓரிடம் கருத்துச் சிலிர்த்தால் "ஆங்கின் சுடா டத்தாங்" என்பார். எண்ணிப் பத்து நிமிடத்தில் காற்று வந்துவிடும். அவர் ஒரு நாளும் தவறியதில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் தவறியது குறைவு.

இனி, அந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. பெரியவள், சின்னவள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வயது வித்தியாசம். இருவரும் ஒற்றையாள் படகுக்காரர்கள். லேசர் என்று அந்தப் படகுக்கு அப்போது பெயர். இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள். நீளம் நாலே கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கனம் ஏறக்குறைய அறுபது கிலோ. உலகமெங்கும் ஒரே அச்சில் செய்கிறார்கள். பணக்காரன் பணத்தைக் கொட்டி வேகமான படகு வாங்க முடியாது. எனக்குப் பிடித்த விஷயம் அது. யார் நன்றாக ஓட்டுகிறார்களோ அவர்கள் முன்னே.

அப்படியானால் தன் வேகத்தை ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் இரண்டாவது படகு வருகிறது. இருவரும் ஒரே காற்றில், நாலைந்து படகு நீளம் இடம் விட்டு, ஒரே திசையில் ஓட்டுவார்கள். ஒருத்தி பாய்க்கயிற்றை ஒரு விரற்கடை இழுத்துப் பார்ப்பாள். மற்றவள் எதையும் மாற்றாமல் வருவாள். ஐந்து நிமிடம் கழித்து யார் முன்னே என்று பயிற்சியாளர் பார்த்துக் குறித்துக்கொள்வார். பிறகு இவள் மாற்றுவாள், அவள் மாற்றமாட்டாள். எதையும் மாற்றாமல் ஒரே சீராக ஓட்டுவது எவ்வளவு பெரிய வித்தை என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. பக்கத்துப் படகு தன்னைத் தாண்டிப் போகும்போதும் கை பரபரக்காமல் இருக்க வேண்டும் அல்லவா?

வருடக்கணக்கில் இருவரும் அப்படியே ஒருவரை ஒருவர் உரசிக் கூர்மையானவர்கள். ஒரே கயிற்றுச் சுருளில் பாதிப் பாதி வெட்டிக்கொள்வார்கள். ஒரே புட்டியில் தண்ணீர் குடிப்பார்கள். ஆனால் போட்டிக்கு ஒரு வகைக்கு ஒரு நாட்டிலிருந்து ஒரே படகுதான். யார் போவது என்று முடிவு செய்யத் தேர்வுப் பந்தயம் வைத்தார்கள். நான்கு நாள், எட்டு ஓட்டம். ஆண், பெண் என்று பாராமல் கொட்டகையிலிருந்த பதினைந்து படகும் சேர்ந்தே ஓடும்; அந்த இரு பெண்களில் யார் புள்ளி குறைவோ அவள் போவாள்.

புள்ளிக் கணக்கை நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முதலில் வந்தால் ஒரு புள்ளி, நாலாவது வந்தால் நான்கு. கூட்டினால் யாருக்குக் குறைவோ அவர் வென்றார். எல்லா ஓட்டத்திலும் மிக மோசமான ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம். யாருக்கும் ஒரு கெட்ட நேரம் வரும் என்று தெரிந்தவர்கள் போட்ட சட்டம் அது.

முதல் நாள் சின்னவள் காற்று வரும் பக்கத்தைத் தவறாக நினைத்து ஓர் ஓட்டத்தில் ஒன்பதாவதாக வந்தாள். பரவாயில்லை, கழித்துக்கொள்ளலாம் என்று சிரித்தாள். இரண்டாம் நாள் கரை இறங்கும்போது அவள் படகின் பின்புறம் கல்லில் இடித்துக் கைவிரல் அளவு கீறல். இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து நான்தான் ஒட்டினேன்.

இந்தப் படகின் உடம்பு உள்ளே வெறும் கூடு. பின்புறத்தில் ஒரு சிறு துளை. அதற்குத் திருகு மூடி ஒன்று. பிளக் என்போம். கரைக்கு வந்ததும் மூடியைத் திருகி எடுத்தால் உள்ளே கசிந்த தண்ணீர் வடிந்துவிடும். மறுநாள் இறக்குமுன் மறுபடி திருகி மூட வேண்டும். உள்ளே காயட்டும் என்று அன்றிரவு மூடியை நான் எடுத்து வைத்தேன். காலையில் நான்தான் போட்டேன். வாசகர்களே, திருகு கோணலாக ஏறியிருக்கிறது. கைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. இரண்டாந்தரம் நான் பார்க்கவில்லை. பேத்தியின் பிறந்தநாளுக்குக் கேக் எடுக்கப் போக வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

அன்று ஐந்தாவது ஓட்டம். கரையிலிருந்து பார்த்தபோதே அவள் படகு அலையில் ஏறாமல் புதைவது தெரிந்தது. பதின்மூன்றாவதாக வந்தாள். மதிய இடைவேளையில் கரைக்கு வந்து படகைத் தூக்க, நாலு பேர் சேர்ந்தும் எழும்பவில்லை. மூடியைத் திருகினதும் கொடகொடவென்று தண்ணீர். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"யார் பிளக்கைச் சரிபார்த்தது?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"நான்தான். என் படகு" என்றாள் சின்னவள்.

படகுக்கு அதை ஓட்டுபவரே பொறுப்பு என்பது அந்த விளையாட்டின் சட்டம். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அறுபத்து மூன்று வயதில், முப்பது வருடத் தொழில் அனுபவத்தோடு, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்று மாலை கேக் வெட்டினோம். எனக்கு இறங்கவில்லை.

நான்காம் நாள் முடிந்து புள்ளி கூட்டினார்கள். பெரியவள் மூன்று புள்ளி வித்தியாசத்தில் தேர்வானாள். அன்றிரவு நான் ஓர் உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சின்னவளுக்குக் கழித்தது அந்தப் பதின்மூன்று. அதனால் முதல் நாள் ஒன்பது கணக்கில் நின்றுவிட்டது. படகில் தண்ணீர் ஏறாமல் இருந்து, அந்த ஓட்டத்திலும் வழக்கம்போல நாலாவதாக வந்திருந்தால்? ஒன்பது கழியும், நான்கு சேரும். ஐந்து புள்ளி குறையும். தோற்றது மூன்றில். என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்த உறையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னேன். "நாளைக்கு வாத்தியார்கிட்ட போய்ச் சொல்லிடுங்க" என்றாள்.

போனேன். பயிற்சியாளர் முழுவதும் கேட்டார். "புள்ளி போட்டு முடிந்துவிட்டது. இனி அதை மாற்ற முடியாது" என்றார். பிறகு, "அவளிடம் சொன்னீர்களா?" என்றார். இல்லை என்றேன். "முதலில் அவளிடம் அல்லவா வந்திருக்க வேண்டும்?" என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சின்னவள் படகைக் குழாய்த் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் குழாயை மூடவில்லை. "முதல் நாள் தப்பான பக்கம் போனேனே, அங்கிள், அது உங்கள் வேலை இல்லையே" என்றாள். அவ்வளவுதான். அவளைப் பெருந்தன்மையின் உருவமாக எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது என்னவென்றால், அதன் பிறகு ஒரு மாதம் அவள் தன் படகை என்னிடம் தரவில்லை. சிறு கீறலானாலும் தானே பிசின் கலந்து, கட்டி கட்டியாகப் பூசிக்கொண்டாள். கடையிலிருந்து புது மூடி வாங்கி, சாவிக்கொத்தில் மாட்டித் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். காலையில் 'குட் மார்னிங் அங்கிள்' மட்டும் தவறாது.

தோற்றவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். பரீட்சை இருக்கிறது என்று சொன்னால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிட்டாள். பெரியவளுக்கு இரண்டாவது படகு வேண்டுமே! வேறு யார் அந்த வேகத்தில் ஓட்ட முடியும்?

அந்த வாரங்களைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். பத்திரிகையில் வராத வாரங்கள் அவை. பெரியவள் தொடக்கக் கோட்டில் நல்ல இடம் பிடிக்கப் பழக வேண்டுமென்றால், அந்த இடத்தைப் பிடுங்க ஒருவர் வேண்டும். சின்னவள் ஒரு நாளைக்கு முப்பது தடவை பிடுங்கினாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கொடி ஏறும், நாலாவது நிமிடம் இன்னொன்று, ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும், பிறகு புறப்பாடு. அந்த ஐந்து நிமிடமும் இரு படகும் கோழிச் சண்டைபோல முட்டிக்கொள்ளும். எதிரி நாட்டுப் பெண் காற்று திரும்பினால் என்ன செய்வாள் என்று பழைய ஓட்டங்களைப் பார்த்துவிட்டுச் சின்னவள் அவளைப்போலவே ஓட்டுவாள். தன் பாணியை மறந்து இன்னொருத்தியாக ஓட்டுவது! ஒரு நாள் பெரியவள் தொடர்ந்து தோற்று, படகிலேயே உட்கார்ந்து அழுதாள். சின்னவள் சற்றுத் தூரத்தில் பாயைத் தளர்த்திவிட்டு, அழுது முடியட்டும் என்று காத்திருந்தாளாம். பாக் சிக் என்னிடம் சொன்னார்.

இன்னொரு நாள் சின்னவளே கரைக்கு வந்ததும் கயிற்றைச் சுருட்டித் தரையில் ஓங்கி அடித்தாள். "இன்றைக்கு எட்டு ஓட்டத்தில் ஆறில் நான் ஜெயித்தேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். யாரும் பதில் சொல்லவில்லை. என்ன பதில் சொல்வது? பெரியவள் குனிந்து அந்தக் கயிற்றை எடுத்துச் சிக்கெடுத்து ஒழுங்காகச் சுற்றி வைத்தாள். அன்று இருவரும் தனித்தனி மேசையில் சாப்பிட்டார்கள். மறுநாள் ஒரே புட்டியில் தண்ணீர் குடித்தார்கள்.

மே மாதத்தில் ஒரு நாள் காற்றே இல்லை. கோடு போட்ட கொடியின் கீழ் மூன்று மணி நேரம் கிடந்தோம். பாக் சிக் பிள்ளைகளுக்குச் சோல் ஒலிம்பிக் கதையைச் சொன்னார். உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1988 செப்டம்பர் 24, கொரியாவின் பூசான் கடல். திடீரென்று காற்று பேயாக அடித்தது. லாரன்ஸ் லெமியூ என்ற கனடா நாட்டுக்காரர் ஃபின் வகைப் பந்தயத்தில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்து வட்டத்தில் ஒரு படகு கவிழ்ந்து கிடப்பது கண்ணில் பட்டது. அது நம் சிங்கப்பூர்ப் படகு. ஜோசப் சான், சியூ ஷா ஹர் என்ற இருவர். ஒருவர் படகைப் பற்றிக்கொண்டிருக்கிறார், மற்றவரை நீரோட்டம் தள்ளிக்கொண்டு போகிறது. லெமியூ பந்தயத்தை விட்டுத் திரும்பினார். இருவரையும் தன் படகில் ஏற்றி, மீட்புப் படகு வரும் வரை காத்திருந்து ஒப்படைத்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட்டார். நடுவர்கள் அந்த ஓட்டத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தார்கள். மொத்தத்தில் அவர் பதினொன்றாவது. ஒலிம்பிக் குழு அவருக்குக் கூபெர்த்தான் பெயரிலான சிறப்புப் பதக்கம் அளித்தது.

"நம் ஆட்களையா காப்பாற்றினார்?" என்று ஒரு பொடியன் வாய் பிளந்தான். கடலில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்பது பாய்மரப் பந்தயச் சட்டப் புத்தகத்தின் முதல் விதி என்று பாக் சிக் சொன்னார். சின்னவள் படகின் அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். "அவருக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்குமா?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாலைதான், ஒரு மாதத்துக்குப் பிறகு, அவள் தன் படகை என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். "அங்கிள், நான் பூசினது அசிங்கமாக இருக்கிறது. கொஞ்சம் தேய்த்துக் கொடுங்கள்" என்றாள். இரண்டு மணி நேரம் தேய்த்தேன். மூடியை மட்டும் அவள் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஜூன் வந்தது. போட்டி நிலையத்துக்குள் கழுத்தில் அட்டை மாட்டியவர்களுக்குத்தான் அனுமதி. எனக்குத் தொண்டூழியர் அட்டை இருந்தது. சின்னவளுக்கு இல்லை. முதல் நாள் காலை பெரியவளின் படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டு நான் வெளியே வந்தேன். பொதுக் கடற்கரையில் அவள் தன்னந்தனியாக, கண்ணில் தொலைநோக்கியோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. பிள்ளைகள் மணல் கோபுரம் கட்டின. தூரத்தில் வெள்ளைப் பாய்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. எனக்கு எது யாருடையது என்று தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்தது. கொடி இறங்கும் நேரம் உதடு அசைய எண்ணினாள். "இடது பக்கம் போ... இடது பக்கம்" என்று முணுமுணுத்தாள். சற்றுப் பொறுத்து மூச்சை விட்டாள். "போய்விட்டாள்" என்றாள். என்னிடம் தொலைநோக்கியை நீட்டினாள். நான் பார்த்தேன். எல்லாப் பாய்களும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. இருந்தாலும் தலையை ஆட்டினேன். மத்தியானம் வரை அங்கேயே நின்றோம். நான் வாங்கி வந்த மைலோவை அவள் குடிக்க மறந்து, ஐஸ் எல்லாம் கரைந்துபோயிற்று. போட்டி முடிவுகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை அப்போதே எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டன.

அந்த வருடக் கடைசியில் முழங்கால் வலியால் நான் வேலையை விட்டுவிட்டேன். பெரியவள் மேற்படிப்புக்கு வெளிநாடு போனாள். சின்னவளிடமிருந்து தேசிய தினத்துக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஒரு வாழ்த்து வரும்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் தேதி உங்களுக்கு ஞாபகமிருக்கும். தேசிய தினத்தன்று, பிரான்சின் மார்செய் கடலில், மேக்ஸ் மேடர் என்ற பதினேழு வயதுப் பிள்ளை பட்டம் கட்டிய பலகையில் பறந்து சிங்கப்பூருக்கு வெண்கலம் வாங்கித் தந்தான். பாய்மரப் பந்தயத்தில் நமக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. கோப்பிக்கடையில் எல்லோரும் கை தட்டினார்கள். மேசையில் என் கைப்பேசி மினுங்கியது. "பார்த்தீர்களா அங்கிள்? காற்றில்லாமல் முந்தின நாள் ஓட்டம் தள்ளிப்போனதாம். நம் கொடி ஞாபகம் வந்தது" என்று எழுதியிருந்தாள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதாகவும் எழுதியிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கொட்டகைக்கு வேறு நிறம் அடித்திருந்தார்கள். சின்னவள் தலையில் தொப்பியோடு, நாலைந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வைத்திருந்தாள். ஒவ்வொரு படகுக்கும் பின்னால் குனிந்து மூடியைத் திருகிப் பார்த்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் அப்படிப்பட்டவள் அல்ல.

"நல்ல நேரத்தில் வந்தீர்கள் அங்கிள்" என்றாள். "கடைசிப் படகு பாக்கி. அதை நீங்கள் பாருங்கள்."

முழங்கால் வலித்தது. மெதுவாக மண்டியிட்டேன். மூடியை முழுவதும் கழற்றி, ரப்பர் வளையத்தைத் துடைத்து, மறுபடி போட்டுத் திருகினேன். பிறகு இன்னொரு தடவை திருகிப் பார்த்தேன். படகுக்காரப் பொடியன் அவசரப்பட்டான். "பொறு" என்றாள் அவனிடம். "அங்கிள் இன்னும் முடிக்கவில்லை."